புல்லிற் கட்டிய பாலம்

சக்கரம் ஓடாத நாட்டில் சாலை எதற்கு என்று கேட்கத் தோன்றும். தென் அமெரிக்காவின் மேற்குக் கரையை ஒட்டி ஓங்கி நிற்கும் ஆண்டிஸ் மலைத்தொடரில், 15ஆம் நூற்றாண்டில் தழைத்து 16ஆம் நூற்றாண்டில் வீழ்ந்தது இன்காப் பேரரசு. அந்நாட்டில் வண்டி என்பது கிடையாது. வண்டி இழுக்க எருதில்லை. ஏறிச் செல்லக் குதிரையில்லை. லாமா என்னும் விலங்கு ஒன்று உண்டு. ஒட்டக இனத்தைச் சேர்ந்த அச்சிறு விலங்கு ஏறக்குறைய 30 கிலோ சுமையைத் தாங்கும், ஆளைத் தாங்காது. ஆதலின் அங்கே தூதனும் நடந்தான், படைவீரனும் நடந்தான், விளைச்சலைச் சுமந்த உழவனும் நடந்தான். பேரரசன் பல்லக்கிற் சென்றான். அப்பல்லக்கைச் சுமந்தவர்களும் நடந்தே சென்றார்கள்.

இவ்வாறு நடந்தே வாழ்ந்த மக்கள் அமைத்த சாலைகளின் மொத்த நீளம் ஏறத்தாழ 30,000 கிலோமீட்டர். 'கபாக் ஞான்' என்று கெச்சுவா மொழியில் அப்பெருவழிக்குப் பெயர். இன்றைய கொலம்பியா, ஈக்வடார், பெரு, பொலிவியா, சிலி, அர்ஜென்டினா என்னும் ஆறு நாடுகளில் அதன் எச்சங்கள் கிடக்கின்றன. 2014ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் கல்வி அறிவியல் பண்பாட்டு நிறுவனமாகிய யுனெஸ்கோ அதனை உலக மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது. அச்சாலையில் ஒரு புதுமை உண்டு. மலைச்சரிவு செங்குத்தாக வரும் இடங்களில் சாலை வளைந்து வளைந்து ஏறாது. படிக்கட்டாக மாறி நேரே ஏறிவிடும். சக்கரத்துக்காகப் போட்ட சாலையாயின் அவ்வாறு செய்ய முடியுமா? மனிதன் காலுக்கும் லாமாவின் காலுக்கும் படிக்கட்டே போதும்.

படிக்கட்டினால் மலையை வென்றுவிடலாம். ஆற்றை எதனால் வெல்வது? ஆண்டிஸ் மலையின் ஆறுகள் நம் சமவெளி ஆறுகளைப் போல மணலிற் பரந்து கிடப்பன அல்ல. ஆழமான பள்ளத்தாக்குகளை அறுத்துக்கொண்டு, இரு புறமும் பாறைச் சுவர் நிற்க, நடுவே முழங்கிக்கொண்டு ஓடுவன. அவற்றுள் ஒன்று அபுரிமாக். 'பேசும் பெருமான்' என்பது அப்பெயரின் பொருள். அமேசான் பேராற்றின் மூல ஓடைகளுள் ஒன்றாகிய அவ்வாறு, தலைநகராகிய குஸ்கோவுக்கும் பேரரசின் வட பகுதிக்கும் குறுக்கே கிடந்தது. அதனைக் கடவாமல் படை நகராது, தூதும் நகராது. மழைக்காலத்தில் அதில் இறங்குவது உயிரைக் கொடுப்பதாகும்.

அதனைக் கடக்க இன்கா மக்கள் கயிற்றுப் பாலம் கட்டினார்கள். அதற்கு அவர்கள் கொண்ட பொருள் இரும்பன்று. இரும்பை அவர்கள் அறியார். கல்லைக் கையாள்வதில் அவர்களுக்கு நிகர் இல்லை; சுண்ணாம்பின்றிக் கல்லோடு கல் பொருத்தி எழுப்பிய சுவர்கள் குஸ்கோ நகரத்தில் இன்றும் நிற்கின்றன. ஆயினும் பெரிய ஆற்றின்மேற் போடுவதற்கு அவர்கள் கல்லைத் தேர்ந்தெடுக்கவில்லை. நார்ச்செடி, கொடி, புல் ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்தார்கள். மலைமேல் விளைந்து காற்றில் ஆடும் சாதாரணப் புல்! நம் உழவர் வைக்கோலை முறுக்கிப் புரியாக்கி நெற்கட்டுக் கட்டுவதைக் கண்டிருப்பீர்கள். அந்தப் புரியைப் பருமனாக்கி, மேலும் பருமனாக்கி, தேர் வடத்தையும் விஞ்சும் அளவுக்குக் கொண்டுபோனால் என்ன ஆகுமோ, அதுவே அவர்களுடைய பாலத்தின் உயிர்நாடி.

வரலாறு படிக்கும் மாணவர் இவ்விடத்தில் ஓர் ஐயம் எழுப்பலாம். கல்லில் வல்லவர்கள் ஏன் கல்லாற் பாலம் கட்டவில்லை? வளைவு கட்டும் முறையை இன்கா மக்கள் கையாளவில்லை என்பது ஒரு விடை. ஆனால் அதுவே முழு விடை அன்று. வளைவு தெரிந்தவர்களுக்கும் அங்கே வேலை எளிதன்று. கல் வளைவு கட்ட வேண்டுமாயின், கடைசிக் கல் பொருந்தும் வரையில் கற்களைக் கீழிருந்து தாங்கும் மரச்சாரம் வேண்டும். சாரத்தை ஊன்ற ஆற்றின் நடுவே இடம் வேண்டும். முழங்கி ஓடும் வெள்ளத்தின் நடுவே, 30 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்திலே, சாரத்தை எங்கே ஊன்றுவது? கயிற்றுக்கு அந்தக் கவலை இல்லை. ஒரு மெல்லிய கயிற்றை அக்கரைக்குச் சேர்த்துவிட்டாற் போதும். அது தன்னிலும் பருமனான கயிற்றை இழுத்துக்கொண்டு போகும். அது வடத்தை இழுக்கும். ஆற்றில் ஒரு காலும் பதியாமல் பாலம் அமைந்துவிடும்.

ஐரோப்பியர் இப்பாலங்களைக் கண்டபோது என்ன எண்ணினார்கள் என்பதை அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். 1532 நவம்பர் 16ஆம் நாள் பிரான்சிஸ்கோ பிசாரோ என்னும் ஸ்பானியத் தலைவன் கஹமார்க்கா நகரத்தில் இன்கா மன்னனாகிய அதவால்பாவைச் சிறைப்பிடித்தான். மறு ஆண்டின் தொடக்கத்தில் அவன் தம்பி ஹெர்னாண்டோ பிசாரோ பொன் தேடிக் கடற்கரைப் பக்கமாகச் சென்றான். வழியில் வலைபோற் பின்னிய பாலங்களின்மேல் குதிரைகளோடு கடந்ததாக அவன் எழுதிய கடிதம் ஒன்று இன்றும் இருக்கிறது. அதில் என் கருத்தைக் கவர்ந்த செய்தி வேறு. ஒவ்வொரு துறையிலும் இரண்டு பாலங்கள் இருந்தன என்கிறான். ஒன்று பொதுமக்களுக்கு; மற்றொன்று நாட்டின் பெருமக்களுக்கும் படைத்தலைவர்களுக்கும். பாலத்தின் வாயிலை அடைத்துக் காவலர் நின்றார்கள். கடப்பவரிடம் சுங்கம் வாங்கினார்கள். எல்லோரும் நடந்து செல்லும் நாட்டிலும், எல்லோரும் ஒரே பலகையில் நடந்துவிடவில்லை!

அவனுக்குச் சில ஆண்டுகள் கழித்து, 1540களில், அந்நாடு முழுவதும் சுற்றியவர் சியேசா தே லெயோன் என்னும் வரலாற்றாசிரியர். போர்வீரராக வந்து, கண்டதையெல்லாம் எழுதி வைத்த அவரைப் போன்ற நேர்மையான சாட்சி அக்காலத்தில் அரியர். வில்காஸ் என்னும் ஊரருகே பாம்பாஸ் ஆற்றின்மேற் கட்டிய பாலம் 166 தப்படி நீளம் என்று அவர் அளவு சொல்கிறார். அதன்மேற் குதிரைகள் எவ்விதத் தடையுமின்றி ஓடலாம் என்பதற்கு அவர் எடுத்துக்காட்டிய உவமை, தம் தாய்நாட்டில் உள்ள அல்காந்தரா பாலம். அந்த அல்காந்தரா பாலம் ரோமானியப் பேரரசன் டிராஜன் காலத்தில், கி.பி. 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கட்டியது. கல் வேலைப்பாட்டின் பெருமிதம். ஆனால் அதன் வளைவுகளுள் மிகப் பெரியதன் அகலமே ஏறத்தாழ 29 மீட்டர்தான். அபுரிமாக் ஆற்றின் பெரும்பாலம் ஒரே தாவலில் 45 மீட்டரைத் தாவியது. ஸ்பானியர் தங்கள் நாட்டில் அதுபோன்ற தொங்கு பாலத்தைக் கண்டவர் அல்லர்.

பாலம் கட்டிய முறையை விரிவாக எழுதியவர் கார்சிலாசோ தெ லா வேகா. 1539இல் குஸ்கோவிற் பிறந்தவர். தந்தை ஸ்பானியர், தாய் இன்கா அரச குலத்தவர். இளமையிலேயே கடல் கடந்து ஸ்பெயினுக்குச் சென்று, முதுமையில், 1609இல், தாயின் குலத்து வரலாற்றை நூலாக்கினார். மெல்லிய கொடிகளைப் பின்னிக் கயிறாக்கி, அக்கயிறுகளைப் பின்னிப் பெருங்கயிறாக்கி, முடிவில் மனித உடலின் பருமனுக்கு வடம் சமைப்பார்கள் என்கிறார் அவர். கரைகளில் கல்லால் எழுப்பிய மேடைகளுக்குள் பருத்த மரங்களைக் குறுக்கே பதித்து, அம்மரங்களிற் சுற்றி வடத்தை இறுக்குவார்கள். அடியில் உள்ள வடங்களின்மேற் குச்சியும் கிளையும் பரப்பினால் அது தளம். இரு புறமும் உயரத்திற் செல்லும் வடங்கள் கைப்பிடி. கைப்பிடிக்கும் தளத்துக்கும் இடையே சிறு கயிறுகளால் வலைபோற் பின்னிவிட்டால், நடப்பவன் தவறி விழமாட்டான்.

இங்கே ஒரு சிறு நுட்பம். புல்லின் ஒரு தாள் குட்டையானது, இழுத்தால் அறும். அவ்வளவு குட்டையான, அவ்வளவு மெலிந்த தாள்களால் 45 மீட்டர் நீளக் கயிறு எப்படி உண்டாகிறது? ஒரு தாளின் நுனி முடியுமுன் அடுத்த தாளைச் செருகி முறுக்குகிறார்கள். முறுக்கு இறுக இறுகத் தாள்கள் ஒன்றையொன்று நெருக்கிப் பிடித்துக்கொள்கின்றன; இழுக்க இழுக்கப் பிடி வலுக்கிறது. வலமாக முறுக்கிய புரிகளை இடமாக முறுக்கிச் சேர்ப்பதனால், ஒன்றின் முறுக்கு அவிழ முயன்றால் மற்றொன்று தடுத்துவிடும். இதில் எங்கும் ஒரு முடிச்சும் இல்லை, ஒரு பசையும் இல்லை. கயிறு திரிப்பவர் எல்லா நாடுகளிலும் அறிந்த உண்மைதான் இது. அதனை ஒரு பேரரசின் படையை நடத்திச் செல்லும் அளவுக்கு நம்பியவர்கள் இன்கா மக்கள்.

ஆனால் புல் அழியும் பொருள். வெயிலில் உலரும், மழையில் ஊறும், ஓராண்டு, ஈராண்டில் வலு இழக்கும். ஆதலால் பாலத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கார்சிலாசோவும் அதனைச் சொல்கிறார். இவ்விடத்திலேதான் இப்பொருளின் நடுநாடி இருக்கிறது என்பது என் துணிபு. ஒரு கற்பாலத்தை அரசன் ஒருமுறை கட்டிவிட்டுப் பெயர் பொறித்துப் போகலாம். அவன் குலமே அழிந்தாலும் பாலம் நிற்கும். புற்பாலத்தை அவ்வாறு விட்டுச் செல்ல இயலாது. அதனை ஒவ்வோர் ஆண்டும் யாரோ கட்டியாக வேண்டும். எனவே அரசு கட்டியமைத்தது பாலத்தை அன்று. பாலம் கட்டும் கடமையை.

அக்கடமைக்கு 'மித்தா' என்று பெயர். முறை வைத்து ஆற்றும் உழைப்பு என்று சொல்லலாம். பாலத்துக்கு அருகிலுள்ள ஊர்கள் ஒவ்வொன்றுக்கும் இன்ன வேலை, இவ்வளவு கயிறு, இன்ன கரை என்று வகுத்திருந்தார்கள். நம் ஏரிகளுக்கும் வாய்க்கால்களுக்கும் வழங்கிய குடிமராமத்தை அறிந்தவர்க்கு இது எளிதில் விளங்கும். பாலங்களைக் கண்காணிப்பதற்கென்றே ஓர் அதிகாரி இருந்தான். குவாமன் போமா என்னும் ஆண்டிஸ் நாட்டு எழுத்தாளர் 1615ஆம் ஆண்டளவில் எழுதி முடித்த பெருநூலில், கயிற்றுப் பாலத்தருகே நிற்கும் அந்த அதிகாரியைப் படமாகத் தீட்டியிருக்கிறார். ஸ்பெயின் மன்னனுக்கென்று எழுதிய அந்நூல் எவ்வாறோ டென்மார்க் சென்று சேர்ந்து, கோபன்ஹேகன் அரச நூலகத்தில் கிடந்து, 1908இல்தான் ஆராய்ச்சியாளர் கண்ணுக்குப் புலப்பட்டது. நாட்டு மக்களின் பக்கத்திலிருந்து எழுதிய வரலாறு எத்தனை நாள் இருட்டிற் கிடக்க நேர்ந்தது பாருங்கள்!

மித்தா முறையைப் பொற்காலத்து ஒற்றுமை என்று புகழ எனக்கு மனமில்லை. அது கட்டாய உழைப்பு. மறுப்பதற்கு உரிமை இல்லை. பாலத்தைக் கட்டிய ஊரார், பொதுமக்களுக்குரிய பாலத்தில் நடந்தார்கள். பெருமக்களுக்குரிய பாலத்தையும் அவர்களே கட்டினார்கள். ஆயினும் அதில் ஒரு கொடுக்கல் வாங்கல் இருந்தது. வேலை செய்யும் நாளில் உண்டியும் பானமும் அரசின் பொறுப்பு. பஞ்சக் காலத்தில் அரசின் களஞ்சியம் திறக்கும். அதே பாலத்தின் வழியாகவே அந்த நெடுஞ்சாலையில் உணவு வந்து சேரும்.

அழியும் பாலத்துக்குப் போர்க்காலத்தில் ஒரு தனிப் பயன் உண்டு. எரித்துவிடலாம். 1533இல் பிசாரோவின் படை குஸ்கோவை நோக்கி நகர்ந்தபோது, இன்காப் படைத்தலைவனாகிய கிஸ்கிஸின் வீரர்கள் வழியிலிருந்த பாலங்களைக் கொளுத்தினார்கள். அபுரிமாக் பாலமும் எரிந்தது. ஆனால் அந்த ஆண்டு நவம்பரில் ஆற்றில் நீர் குறைந்திருந்தது. ஸ்பானியக் குதிரை வீரர்கள் ஆற்றில் இறங்கியே கடந்துவிட்டார்கள். அவர்கள் குஸ்கோவுக்குள் நுழைந்தது நவம்பர் 15ஆம் நாள். ஆற்றில் வெள்ளம் வரும் காலம் இன்னும் சில வாரங்களில் தொடங்கியிருக்கும்.

பின்னர் ஸ்பானியர் தங்களுக்குள்ளேயே போரிட்டுக்கொண்டார்கள். அப்போதும் இந்தப் பாலங்களே வெற்றி தோல்வியை முடிவு செய்தன. 1548இல் ஸ்பெயின் மன்னனின் பேராளராக வந்த பெத்ரோ தெ லா காஸ்கா, கலகத் தலைவனாகிய கொன்சாலோ பிசாரோவை எதிர்த்து அபுரிமாக் ஆற்றைக் கடக்க வேண்டியிருந்தது. எத்துறையிற் கடக்கப் போகிறார் என்பது பகைவனுக்குத் தெரியாதபடி பல துறைகளிலும் பாலக் கயிறுகளைத் திரிக்கச் செய்தார். கயிறு திரித்தவர்கள் அந்நாட்டு மக்களே. இரு தரப்பிலும் தலைவர்கள் ஸ்பானியர். யார் வென்றாலும் கயிற்றைத் திரிக்க வேண்டியவர்கள் அவர்களே.

வெற்றி பெற்ற அயலாரும் கயிற்றுப் பாலத்தை விட்டுவிடவில்லை என்பதை நீங்கள் கருத வேண்டும். 1543ஆம் ஆண்டில் ஆளுநராகிய வாக்கா தெ காஸ்த்ரோ சத்திரங்களையும் வழிகளையும் பற்றிச் சட்டம் பிறப்பித்தபோது, இன்கா காலத்து ஏற்பாட்டையே அடிப்படையாகக் கொண்டார். ஆனால் பழைய கொடுக்கல் வாங்கலில் கொடுக்கல் மறைந்துவிட்டது. வாங்கல் மட்டும் எஞ்சியது. களஞ்சியங்கள் வெறுமையாயின. அம்மை முதலிய புதிய நோய்களால் ஊர் ஊராக மக்கள் மாண்டனர். நூறு பேர் திரித்த கயிற்றை முப்பது பேர் திரிக்க நேர்ந்தால், எஞ்சிய எழுபது பேர் பங்கு யாருடையது?

இக்கேள்வி வழக்காகவே எழுந்தது. நடுப் பெருவில் ஹுவானுகோ வட்டாரத்தில் 1596இல் பாலங்களைக் காக்கும் கடமை யாருக்கு உரியது என்று விசாரணை நடந்தது. அதன் ஏடுகள் 1960களில் ஆராய்ச்சியாளரால் அச்சேறின. பேரரசு வீழ்ந்து அறுபது ஆண்டுகளுக்கு மேல் கடந்த பின்னரும், ஊர் முதியவர்கள் வந்து நின்று, இன்கா காலத்திலே தங்கள் ஊருக்கு வகுத்த பங்கு இன்னது என்று நினைவிலிருந்து சாட்சி சொன்னார்கள். அரசன் போய்விட்டான், அதிகாரி போய்விட்டான், எழுதி வைத்த சட்டமும் கிடையாது. கடமை மட்டும் ஊராரின் நினைவில் நின்றது. அரண்மனையின் இடிபாட்டைக் காட்டிலும் அவ்வேடுகளே இன்கா அரசின் இயல்பை நன்கு விளக்குகின்றன என்று நான் கருதுகிறேன்.

காலம் செல்லச் செல்லக் கயிற்றுப் பாலம் அயலாருக்குக் காட்சிப் பொருளாயிற்று. 1802இல் அலெக்சாந்தர் ஹம்போல்ட் இன்றைய ஈக்வடாரிலுள்ள பெனிப்பே என்னும் ஊரருகே கயிற்றுப் பாலம் ஒன்றைக் கடந்தார். அதன் படத்தையும் நூலில் வெளியிட்டார். ஏறக்குறைய அதே காலத்தில், 1801இல், அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஜேம்ஸ் பின்லி என்பவர் இரும்புச் சங்கிலியில் தொங்கும் பாலம் கட்டினார். 1826இல் பிரிட்டனில் மெனாய் நீரிணையின்மேல் 176 மீட்டர் தாவும் சங்கிலிப் பாலம் எழுந்தது. புல் போய் இரும்பு வந்தது; ஆயினும் தொங்கு பாலத்துக்கே உரிய ஓர் இயல்பு மாறவில்லை. அது ஆடும். 1831 ஏப்ரல் 12ஆம் நாள் மான்செஸ்டர் நகருக்கு அருகே பிராட்டன் என்னுமிடத்தில் 74 வீரர்கள் ஒரே தாளத்தில் அடியெடுத்து வைத்துச் சங்கிலிப் பாலத்தைக் கடந்தார்கள். அவர்கள் நடைக்கு ஏற்பப் பாலம் ஆடத் தொடங்கிற்று. ஆட்டம் பிடித்துப்போய் மேலும் மிதித்தார்கள். ஒரு பக்கச் சங்கிலி அற்று, ஏறத்தாழ நாற்பது பேர் ஆற்றில் விழுந்தார்கள். நல்வாய்ப்பாக யாரும் இறக்கவில்லை. பாலத்தின்மேல் தாளம் தவறி நடக்க வேண்டும் என்னும் கட்டளை அதன்பின் பிரிட்டிஷ் படையில் வந்தது. 2000ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள் லண்டனில் தேம்ஸ் நதியின்மேல் நடப்பவர்க்கென்றே திறந்த பாலமும் மக்கள் கூட்டத்தின் காலடியால் பக்கவாட்டில் ஆடத் தொடங்கி, இரண்டே நாளில் மூட வேண்டியதாயிற்று. ஆட்டத்தைத் தணிக்கும் கருவிகளைப் பொருத்தி 2002இல் மீண்டும் திறந்தார்கள். நடப்பவன் வண்டியைக் காட்டிலும் எடை குறைந்தவன்தான். ஆனால் அவன் காலடிக்கு ஒரு தாளம் உண்டு என்பதைப் பொறியியலார் மறக்கலாகாது.

மீண்டும் ஆண்டிஸ் மலைக்கு வருவோம். 1863இல் அமெரிக்க அரசின் ஆணையராகப் பெரு நாட்டுக்குச் சென்ற எப்ரயிம் ஸ்குவையர், அபுரிமாக் பெரும்பாலத்தை நேரிற் கண்டு அளந்தார். கரைக்குக் கரை 148 அடி. தாழ்ந்த இடத்திலும் நீருக்குமேல் 118 அடி உயரம். பாறையைக் குடைந்த வழியாகப் பாலத்தை அடைய வேண்டும். காலையிலேயே பாலத்துக்கு வந்து சேரும்படி பயணிகள் திட்டமிடுவார்கள் என்கிறார். பகல் ஏற ஏறப் பள்ளத்தாக்கிற் பெருங்காற்று வீசும்; அப்போது பாலம் தூளிபோல் ஊசலாடும். நம் நாட்டு ஆனைக்கற்றாழைக்கு உறவான செடியின் நாரே அவர் காலத்தில் அப்பாலத்துக்கு வடமாயிற்று. 1877இல் வெளிவந்த அவருடைய நூலிலுள்ள பாலத்தின் படம் பலர் மனத்திற் பதிந்தது. தார்ன்டன் வைல்டர் 1927இல் எழுதிய 'சான் லூயி ரே பாலம்' என்னும் புகழ்பெற்ற புதினத்தின் பின்னணியும் இத்தகைய பாலமே.

ஆனால் அப்பெரும்பாலம் 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் கைவிடப்பட்டது. புயலோ நெருப்போ அதை அழிக்கவில்லை. வடத்தைப் புதுப்பிக்க ஆளில்லாமற் போயிற்று, அவ்வளவுதான். வேறு வழிகள் வந்தன. இரும்புப் பாலங்கள் வந்தன. அவ்வூர்களுக்கு அந்தக் கடமையைச் செய்யும் காரணம் அற்றது. இவ்வாறே ஒன்றன்பின் ஒன்றாக மற்றப் பாலங்களும் மறைந்தன.

இன்றும் ஆண்டுதோறும் புதுப்பித்துவரும் பாலம் ஒன்று, அதே அபுரிமாக் ஆற்றின் மேற்பகுதியில், கடல் மட்டத்துக்கு 3,600 மீட்டருக்கு மேல், குஸ்கோ மாநிலத்துக் கானாஸ் வட்டாரத்தில் இருக்கிறது. கெஸ்வாசாக்கா என்பது அதன் பெயர். 'சாக்கா' என்றால் பாலம். 'கெஸ்வா' என்றால் புல்லிற் திரித்த புரி. நீளம் ஏறத்தாழ 28 மீட்டர். அகலத்தில் ஒருவர்பின் ஒருவராகத்தான் நடக்கலாம். ஹுயின்சிரி, சௌபிபண்டா, சொக்காய்வா, கொல்யானா கேவே என்னும் நான்கு ஊர்கள் ஆற்றின் இரு கரையிலும் உள்ளன. அவ்வூர்க் குடும்பங்கள் ஒவ்வொன்றும் 'கோயா' என்னும் நீண்ட மலைப்புல்லை அறுத்து, உலர்த்தி, நீரில் நனைத்து, கல்லால் தட்டி மென்மையாக்கி, மெல்லிய கயிறு திரித்து, ஜூன் மாதத்தில் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும். யார் தந்தார், யார் தரவில்லை என்று கணக்குப் பார்ப்பதும் உண்டு.

வேலை மூன்று நாள்; நான்காம் நாள் விழா. முதல் நாள் மலைத் தெய்வங்களுக்கும் நிலத்தாய்க்கும் பூசை முடித்து, சிறு கயிறுகளை முறுக்கிப் பெருங்கயிறாக்குகிறார்கள். இரண்டாம் நாள் பழைய பாலத்தை அறுத்து ஆற்றில் விட்டுவிட்டு, தளத்துக்கு நான்கும் கைப்பிடிக்கு இரண்டுமாக ஆறு வடங்களைக் கரைக்குக் கரை இழுத்துக் கட்டுகிறார்கள். இரு புறத்திலும் ஆண்கள் வரிசையாக நின்று, தேர் இழுப்பதுபோற் குரல் கொடுத்து இழுத்தால்தான் வடம் இறுகும். மூன்றாம் நாள் பாலத் தச்சர் இருவர், கரைக்கு ஒருவராக, அந்தரத்தில் வடங்களின்மேல் அமர்ந்து, பக்கக் கயிறுகளைப் பின்னிக்கொண்டே நடுவில் வந்து சந்திக்கிறார்கள். பெண்கள் மேட்டில் அமர்ந்து சிறு கயிறுகளைத் திரிப்பார்கள். பாலத்தருகே அவர்கள் வரலாகாது என்பது பழைய விதி. கயிற்றின் முதல் முறுக்கு அவர்கள் கைம்முறுக்காயிருக்க, பாலத்தை நெருங்க மட்டும் தடை என்பது எனக்குச் சரியாகத் தோன்றவில்லை.

இப்போது அப்பாலம் அவ்வூர்களுக்குத் தேவையா என்றால், தேவை இல்லை. அருகிலேயே இரும்புப் பாலம் இருக்கிறது. அதன்மேல் வண்டிகள் போகின்றன. சுமையுள்ளவன் அவ்வழியே போகிறான். புற்பாலத்தைக் காணப் பயணிகள் வருகிறார்கள். அதனால் ஊராருக்குச் சிறிது வருவாய் உண்டு. 2009இல் பெரு அரசு இந்தப் புதுப்பிப்புச் சடங்கை நாட்டின் பண்பாட்டு மரபாக அறிவித்தது. 2013இல் யுனெஸ்கோவும் தன் பட்டியலில் ஏற்றது. அப்பட்டியலில் ஏறியது பாலம் அன்று என்பதைக் கவனியுங்கள். பாலத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்கும் அறிவும், கைத்திறனும், சடங்கும் ஏறின. வருவாய்க்காகச் செய்கிறார்கள் என்று இகழ்வார் சிலர் உண்டு. இன்கா காலத்திலும் உணவுக்கும் பாதுகாப்புக்குமாகத்தான் செய்தார்கள். கைம்மாறு இன்றிச் செய்த காலம் ஸ்பானியர் ஆட்சிக் காலம் ஒன்றே. அக்காலத்திலேதான் கடமை சுமையாயிற்று.

2020ஆம் ஆண்டில் கொரோனாத் தொற்று பெரு நாட்டைக் கடுமையாகத் தாக்கியது. ஊர் கூடுவதற்குத் தடை வந்தது. ஜூன் மாதம் வந்தும் வடம் இழுக்கவில்லை. மழைக்காலம் ஒன்று கடந்தது. 2021 மார்ச் மாதத்தில் ஒரு நாள், ஆட்கள் யாரும் அதன்மேல் இல்லாத வேளையில், பாலம் அற்று ஆற்றில் விழுந்தது. ஓராண்டு தவறினால் என்ன ஆகும் என்று கார்சிலாசோ எழுதியது நானூறு ஆண்டுகளுக்குப் பின்னும் பொருந்திவிட்டது.

ஊரார் அதிகம் பேசவில்லை போலும். கோயாப் புல்லை அறுத்தார்கள். அதே ஆண்டு ஜூன் மாதத்தில் நான்கு ஊர்க் குடும்பங்களும் திரித்த கயிறுகளைச் சுமந்து இரு கரைகளிலும் வந்து கூடின. வடங்களை இழுத்துக் கட்டினார்கள். பக்கக் கயிறுகள் நடுவில் வந்து சந்தித்தன. தளத்திற் குச்சிப் பாயை விரித்தார்கள். விழா முடிந்த மறுநாள் காலையில் அதன்மேல் ஒருவர்பின் ஒருவராக மக்கள் நடக்கலாயினர்.